வெறும் ஐடி

சேக்காட்டில் இருக்கும் என் மாமனார் கம்ப்யூட்டரைக் கம்ப்யூட்டராக ஒருநாளும் மதித்ததில்லை. ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உதிரி பாகங்களைச் சோதித்து முத்திரை போட்டவர். ஓய்வுபெற்றதும் ஒன்று வாங்கி, அதற்குப் பூப்போட்ட உறை தைத்து மூடி வைத்தார். ஏதாவது ஓடவில்லை என்று என்னைக் கூப்பிடும்போதுதான் உறையைக் கழற்றுவார்.

அதுவும் போன வருஷம் முனக ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது, மாற்றித் தருகிறேன், சிஸ்டத்தின் லைசென்ஸ் கீயை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றாராம் அம்பத்தூர் கடைக்காரர். உடனே எனக்கு போன். வேறு யாருக்கு வரும்? நான் ஐடி மாப்பிள்ளை அல்லவா.

இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஐடி வேலை பார்க்கவில்லை. ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளை அனுப்பும் பிரிவு என்னுடையது. வானகரத்தில் எந்த வண்டி நெரிசலில் நிற்கிறது என்று கேளுங்கள், சொல்வேன். ஆனால் கழுத்தில் அட்டை தொங்கினால் எங்கள் மேனாம்பேடு அடுக்ககத்தில் எல்லாரும் ஐடிதான். பெண் பார்க்கப் போனபோது பையன் ஐடியில் இருக்கிறான் என்றார் அப்பா. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டு அலைகிறேன். மாமனார் முன்னால் அது கலைந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அன்றைக்கு என் கவலை.

போய் உட்கார்ந்தேன். இரண்டு முறை கொட்டாவி விட்டேன்; விஷயம் தெரிந்தவன் அப்படித்தான் விடுவான். செட்டிங்ஸைத் திறந்தால் 'புராடக்ட் ஐடி' என்று ஒரு வரி, பக்கத்தில் நீளமாக எண்கள். எனக்கு முகமெல்லாம் பல். கடைக்காரரை ஸ்பீக்கரில் போட்டு, அதிகாரி குரலில் வாசித்தேன்.

"அது வெறும் ஐடி நைனா, கீ இல்ல," என்றார் அவர். "அத்த வச்சிகினு ஒண்ணியும் பண்ண முடியாது. கீன்னா இருபத்தஞ்சு எழுத்து. பொட்டில ஸ்டிக்கர் ஒட்டிகீதா பாரு."

மாமனார் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது.

பெட்டியைத் திருப்பினேன். ஸ்டிக்கர் இருந்தது, சந்தனத்துக்கு அடியில். வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைக்க இந்த மனிதருக்கு அதைவிட வசதியான இடம் அகப்படவில்லை. சாமி கும்பிடட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? தேடித் தேடி லைசென்ஸ் கீயின் மேலேயேவா? நகத்தால் சுரண்டப் போனேன். மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததில் எனக்கு வேலை டார்ச் பிடிப்பதுதான். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, ஒற்றி ஒற்றிச் சந்தனத்தை எடுத்தார். தொழிற்சாலை நாளிலிருந்து வைத்திருக்கும் லென்ஸால் எழுத்து எழுத்தாக வாசித்தார். பி-யா எட்டா என்று நான் குழம்பிய இடத்தில், லென்ஸைச் சாய்த்துப் பார்த்து எட்டுதான் என்றார். தேய்ந்துபோன முத்திரைகளைப் படித்தே பழகிய கண். இருபத்தைந்தும் கிடைத்தன.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. எங்கள் ஆபீஸில் ஹார்ட்வேர் எல்லாம் வேறு டீம் மாமா, எங்கள் பக்கம் வராது என்றேன்.

"வண்டி அனுப்புற செக்‌ஷன்ல இதெல்லாம் எங்க வரப்போகுது மாப்ள," என்றார், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. கல்யாணத்துக்கு முன்பே எங்கள் ஆபீஸ் கேட்டுக்கு வந்து வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டாராம். விசாரிக்காமல் யாராவது பெண் கொடுப்பார்களா என்று என்னையே கேட்டார்.

ஒன்பது வருஷம். பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, மெயில் போகவில்லை என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பார். எத்தனை முறை நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவருக்குப் பாடம் எடுத்திருப்பேன். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. தெரிந்திருந்தும் ஏன் என்னையே கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டா உங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சு மாப்ள. அதான்."