சிவப்புக் கட்டம் வந்தால் கூப்பிடுங்க

கம்பியூட்டரில் வைரஸ் பிடிக்கிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. வைரஸே வராதவரிடம் போய், 'உங்கள் வைரஸ் காவலுக்கு வருடம் முடிந்துவிட்டது, புதுப்பியுங்கள்' என்று சொல்கிறவனுக்கு அது கிடையாது. நான் இரண்டாவது ரகம். இதே வேலையில் இருந்தவர்கள், இன்சூரன்ஸ் விற்றவர்கள், சங்கத்துக்குச் சந்தா கேட்டுப் படியேறியவர்கள் எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் எங்கள் கடை. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு தோட்டத்து ஆபீஸ், பள்ளிக்கூடம், காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமினிகேஷன் கடை என்று எல்லா இடத்துக்கும் கம்பியூட்டர் வந்துகொண்டிருந்த காலம். விற்கும்போதே ஒரு வருடத்துக்கு வைரஸ் காவலையும் போட்டுக் கொடுப்போம். வருடம் முடிந்தால் திரையின் மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பும். கொழும்புக் கம்பனியின் புதுக் கார்டை வாங்கி, அதிலுள்ள நீளமான இலக்கத்தை அடித்தால் அது பச்சையாகும். அதை அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. கேட்பதற்குச் சின்ன விஷயம்.

நான் சேர்ந்த ஆறாம் மாதம் முதலாளி கூப்பிட்டார். ஒக்டோபர் முடிவதற்குள் பத்துக் கம்பியூட்டரையாவது புதுப்பிக்காவிட்டால் கம்பனி எங்களிடமிருந்து ஏஜென்சியை எடுத்துவிடுமாம். ஏஜென்சி போனால் எனக்கும் வேலை இல்லை என்று நேராகவே சொன்னார். வீட்டில் சொன்னேன். றொசல்லப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவுக்கு இது கவலையாகவே படவில்லை. "அதுக்கென்ன, வந்து தோட்டத்துல பேர் பதிஞ்சுக்க. கவ்வாத்துக்கு ஆளில்லன்னு தொரை தேடுறாரு" என்றார். மலை வேலையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கவ்வாத்துக் கத்தியை என் கையில் கொடுத்தால் தேயிலைச் செடிக்கு முன்னால் என் காலைத்தான் வெட்டுவேன் என்று எங்கள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். உண்மையாகவே பயந்துபோனேன்.

போன வருசத்து ஆபீஸ்

முதலில் போனது வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசுக்கு. அங்கே பெரிய கிளாக்கர் ஐயா, "எங்க பெட்டியில செவப்பு கிவப்பு ஒண்ணும் வரலையே" என்றார். எட்டிப் பார்த்தேன். வந்திருக்கவில்லைதான். திரையில் ஓடிக்கொண்டிருந்தது போன வருடத்துத் தேதி. மனிதர் காலையில் வந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார், பிறகு கம்பியூட்டரில் தேதி போன வருடத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பார், அதன் பிறகுதான் தேத்தண்ணி. தேதி பின்னால் போனால் சிவப்பும் போய்விடுகிறது என்று தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். என் முதலாளிக்கே தெரியாத வித்தை அது.

வினை என்னவென்றால், யாருக்கு அறுபது முடிகிறது என்ற பட்டியலும் அதே பெட்டியிலிருந்துதான் வரும். போன வருடத்துக் கணக்கில் அறுபது முடியாத மூன்று பேர், இந்த வருடம் வீட்டில் இருக்க வேண்டியவர்கள், தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். தங்களுக்கு வயது குறைந்ததைப் பற்றி அவர்கள் யாரும் முறையிடவும் இல்லை. துரை கையெழுத்துப் போட வந்தால் என்ன ஆகும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னேன். ஐயா மங்கி கேப்பைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், பிறகு கார்டை வாங்கிக்கொண்டார். இலக்கத்தை அடித்து முடித்து நான் எழும்பும்போது ஆற்றாமல் சொன்னார்: "போன வருசமும் இதே மல, இதே மழ, இதே தொரைதான தம்பி. எனக்குத் தெரிஞ்சு வருசம் மாறினது உங்க கம்பனிக்கு மட்டுந்தான்."

மாஸ்டர் வீட்டுக் கொலு

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் கணிதம் படிப்பித்தார். சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர். நான் கேட்காமலேயே கடைக்கு வந்து கார்டை வாங்கிப் போயிருந்தார். வாங்கினால் போதாது, இலக்கத்தை அடித்தால்தான் கம்பனி அதைச் சேர்த்துக்கொள்ளும். அடிக்கலாம் என்று அவர் குவார்ட்டர்சுக்குப் போனேன். நவராத்திரியின் கடைசி மூன்று நாள் தொடங்கியிருந்தது. கார்டு சரஸ்வதி படத்துக்கு முன்னால், பாடப் புத்தகங்களுக்கு நடுவே, பட்டுத் துணிக்குக் கீழே இருந்தது.

"கார்ட மட்டும் மெதுவா உருவிக்கிறேன் சேர்" என்றேன்.

"உருவுறதோ? பூசைக்கு வச்சதை விஜயதசமிக்கு முன்னம் எடுக்கேலாது தம்பி."

எனக்கு ஒக்டோபர் ஓடுகிறது. ஆகவே இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன், பயமுறுத்தினேன். மூன்று நாள் காவலில்லாமல் இருந்தால் வைரஸ் உள்ளே புகுந்து மார்க்ஸ் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்றேன். மாஸ்டர் என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். மறு மூலையில் கம்பியூட்டர். திரையின் நெற்றியில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், கீபோர்ட்டுக்கு மேலே பூச்சரம், வயரைப் பிளக்கிலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்திருந்தது. "சரஸ்வதி காவல் நிக்கிற மூண்டு நாளைக்கு உங்கட காவல் தேவைப்படாது தம்பி. கடலை இருக்கு, சாப்பிட்டிட்டுப் போங்கோ."

கங்காணியின் குரல்

விஜயதசமி அன்று மாஸ்டர் வேலையை முடித்துவிட்டுப் பொகவந்தலாவைக்கு பஸ் ஏறினேன். அந்த வளைவுகளில், மாஸ்டர் அன்றும் கொடுத்த கடலை வயிற்றில் தங்கியதே பெரிது. டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீஸ். அங்கே இன்டர்நெட் இல்லை, ஆபீஸ் டெலிபோனும் மழையில் செத்துக் கிடந்தது. இன்டர்நெட் இல்லாத இடத்தில் கொழும்புக்குப் போன் எடுத்து, அங்கே இருக்கும் பெண் சொல்லும் பதினாறு எழுத்தைக் கேட்டு அடிக்க வேண்டும். என் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைத்தது ஒரே இடத்தில், மேல் மலைப் பாறையில்.

எழுதிக்கொண்டு இறங்கினால் என்ன என்று கேட்பீர்கள். முதலில் அதைத்தான் செய்தேன். அந்த எழுத்துகளுக்கு ஆயுள் பத்து நிமிஷம், நான் வழுக்கி வழுக்கிக் கீழே வர இருபது நிமிஷம். அப்போதுதான் அந்தத் தோட்டத்து மாடசாமி கங்காணி முன்வந்தார். நான் பாறையில் நிற்பது, அவர் நடு மலையில் நிற்பது, நான் கத்துவதை அவர் கீழே கத்துவது, ஆபீசில் கிளாக்கர் அடிப்பது என்று ஏற்பாடு. "எம்மும் என்னும் மலையில ஒண்ணாத்தாங்க கேக்கும். நான் பேர் சொல்லிச் சொல்றேன், தப்பாது" என்றார். இங்கிலீஷில் இருக்கும் பேர்ப் பதிவான செக்ரோலை நாற்பது வருடம் பார்த்த மனிதர். எந்தப் பெயர் எந்த எழுத்தில் தொடங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். நான் எம் என்றால் அவர் "முத்தம்மா", பி என்றால் "பேச்சி", ஆர் என்றால் "ராமாயி". அந்தக் குரல் பள்ளத்தாக்கு முழுக்கப் போனது. ஒரு பிழை இல்லை. கீழே கிளாக்கர் ஜன்னலால் பச்சைக் கடதாசி ஒன்றை ஆட்டினார், வேலை முடிந்தது என்று அர்த்தம்.

நாங்கள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தால், ஆபீஸ் வாசலில் பெண்கள் கூட்டம். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. பேச்சி, ராமாயி, லெட்சுமி, செல்லம்மா எல்லோரும் வந்திருந்தார்கள். வேலை நேரத்தில் கங்காணி மலை உச்சியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருவதுதானே பழக்கம். அந்த எழுத்துகளில் எம் மூன்று தடவை வந்திருந்தது. மூன்று தடவை கூப்பிடுகிறார்களே, வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முத்தம்மா அழுதுகொண்டே வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கிளாக்கர் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார், நான் விஷயத்தை விளக்கி மன்னிப்புக் கேட்டேன். முத்தம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கங்காணியைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே கம்பியூட்டருக்குக் கூப்புடுறதுன்னா தொரைமாரு பேரச் சொல்லிக் கூப்புடுங்க, அவங்களுக்குன்னா எறங்கி வர காரு இருக்கு."

கண்ணாடியில் ஒட்டிய லைசன்

நானுஓயா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேன் ஓட்டுகிற சிங்கள அண்ணர் ஒருவர், புக்கிங் எழுதுகிற தன் கடையில் கம்பியூட்டர் வைத்திருந்தார். கார்டை வாங்கிப் போய் ஒரு வாரத்தில் திரும்ப வந்தார். இலக்கத்தை அடித்தால், வேறு யாரோ ஏற்கனவே பாவித்துவிட்டார்கள் என்று வருகிறதாம். போய்ப் பார்த்தேன். வேனுக்கு வருட லைசன் எடுத்தால் முன் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி, இந்தக் கார்டையும் கடையின் முன் கண்ணாடியில், இலக்கம் ரோட்டைப் பார்க்கும்படி ஒட்டியிருந்தார். ரயிலுக்கு வந்து போகிற யாரோ அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கம்பனிக்குக் கடிதம் எழுதி வேறு இலக்கம் வாங்கிக் கொடுத்தேன். என்னைத் தம்பி என்று சிங்களத்தில் 'மல்லி' போட்டுக் கூப்பிடுகிற அவருக்கு மனசு ஆறவே இல்லை: "ஒட்டாத லைசனுக்குத்தானே மல்லி பொலிஸ் புடிக்கிறது, ஒட்டினதுக்கும் ஏன் பிரச்சினை வருது?"

ராணியக்காவின் பிள்ளையார்

மற்ற ஐந்து பேர் கதைக்கு இடம் வைக்காமல் புதுப்பித்தார்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஒக்டோபரின் கடைசி நாள் காலையில் என் கையில் ஒன்பது. மிச்சம் இருந்தது பொகவந்தலாவை பஜாரில் டைப்பிங் கடை வைத்திருந்த ராணியக்கா மட்டும். அடையாள அட்டை விண்ணப்பம், மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுப்பவர். அவர் திரையின் மூலையில் சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒன்று. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அடியில் சிவப்பு.

"அது கண்ணக் கூசுது தம்பி, அதான் ஒட்டினேன்" என்றவர், பாலில்லாத பிளேன்டியை நீட்டிவிட்டு நேராகக் கேட்டார். "நீங்க நம்ம புள்ள. உண்மையச் சொல்லுங்க. இந்தப் பெட்டிக்கு இது வேணுமா?"

அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் இல்லை. வெளியார் பிளொப்பி, பென் டிரைவ் எதையும் அக்கா உள்ளே விடுவதில்லை. அடிப்பார், பிரின்ட் எடுப்பார், அணைப்பார். வைரஸ் ஆசைப்பட்டால்கூட உள்ளே வர வழி இல்லை. வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்து. மாஸ்டரிடம் அவ்வளவு சரளமாக வந்த பொய் இங்கே வரவில்லை. வேண்டாம் அக்கா என்றேன். அடித்து வைத்ததையெல்லாம் சீடி ஒன்றில் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, படி இறங்கும்போது என் வாயை நானே திட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "விக்க வந்துட்டு வேணான்னு சொல்லிட்டுப் போற மொத ஆளு நீங்கதான் தம்பி, இது ஒங்க மொதலாளிக்குத் தெரியுமா?"

பத்தாவது

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் நடந்ததை அப்படியே சொன்னேன். முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, லிஸ்ட்ட அடி, கொழும்புக்கு ஃபேக்ஸ் பண்ணணும். ஒன்பதுன்னே போடு" என்று சொல்லிவிட்டு பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

பட்டறையில் இருந்த பெட்டிகள் எல்லாம் பிரித்துக் கிடந்ததால், அவருடைய மேசைக் கம்பியூட்டரில் உட்கார்ந்தேன். அதில் அவரைத் தவிர யாரும் கை வைப்பதில்லை. போட்டால் மூச்சு வாங்கியது, ஒரு எழுத்து விழ ஒரு நிமிஷம் எடுத்தது. நான் ஒன்பது பெயரையும் அடித்து, என் வேலைக்கு நானே முற்றுப்புள்ளி வைக்கப் போகும்போது மூலையில் சிவப்புக் கட்டம் எழும்பியது. எட்டு மாதத்துக்கு முன்பே காலாவதி. மலைநாடு முழுக்கப் போய் நான் பயமுறுத்திக்கொண்டிருந்த எட்டு மாதமும் எங்கள் கடைக்கே காவல் இல்லை. திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இதுக்கு ஏன் முதலாளி போடல?"

அவர் புத்தகத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "நம்ம பெட்டிக்கு எதுக்குடா அதெல்லாம், அதான் நீ இருக்கியே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்து, மேசை லாச்சியைத் திறந்து ஒரு கார்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். அந்தப் பிற்பகலில் கடைக் கம்பியூட்டருக்கும் எனக்கும் சேர்த்து, ஒரே இலக்கத்தில், இன்னொரு வருடம் புதுப்பிக்கப்பட்டது.