வேனில் வந்த ரசிகை

மைக் கைக்கு வந்துவிட்டால் ரவிக்குமார் வேறு ஆள். வாரம் முழுக்கக் காந்திபுரத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, "நாளைக்கு வந்துருமுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று எல்லோரிடமும் குழைகிற மனிதன், பைக் ரேஸ் நாளில் மேடை ஏறினால் குரலில் ஒரு சிங்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். செம்மண் தடத்தில் நாலு வண்டி சறுக்கினால் நாற்பது வண்டி பறந்த மாதிரி சொல்வான். அதைப் பொய் என்று யாரும் குறை சொன்னதில்லை. கேட்க வந்தவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மைதானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தொண்டாமுத்தூர் ரோட்டில் ஓடாமல் நின்றுபோன மில்லுக்குப் பின்னால் கிடக்கும் காலி நிலம். மில் முதலாளி வெங்கடபதி, மண்ணைக் கொட்டி மேடு பள்ளம் வைத்து, ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கி, வருடா வருடம் அங்கே ரேஸ் நடத்திக்கொண்டிருந்தார். லேத் பட்டறை இல்லாத தெருவைத் தேட வேண்டிய ஊர் இது. வண்டியைப் பிரித்து மேய்கிற பையன்களுக்கும் பஞ்சமில்லை, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் மில் காம்பவுண்டுச் சுவர் மேல்கூட உட்கார இடம் கிடைக்காது.

அப்புறம் எல்லாம் ஏறத் தொடங்கியது. டயர் ஏறியது, பெட்ரோல் ஏறியது, ஆம்புலன்ஸ், இன்சூரன்ஸ், புழுதி அடக்குகிற தண்ணீர் லாரி என்று ஒன்று பாக்கியில்லாமல் ஏறின. செலவு ஏற ஏற டிக்கெட்டை ஏற்றினார்கள். டிக்கெட் ஏற ஏறக் கூட்டம் இறங்கியது. "செல்போன்லயே பாத்துக்கறமுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஊர் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. போன வருடம் கேலரியில் இருந்தவர்களைவிடப் பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்கள்தான் அதிகமாகத் தெரிந்தார்கள்.

கடைசியில் மிஞ்சிய ஸ்பான்சர் ஒரு பம்ப்செட் கம்பெனி. பெரியவர் இருந்தவரை பழக்கத்துக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது பொறுப்பு மகன் தேஜாவிடம். அவன் மேலே படித்துவிட்டு வந்தவன். "கூட்டம் இருந்தா கண்டிப்பா பண்றோம் அங்கிள். நானே நேர்ல வந்து பாக்கறேன். இல்லீன்னா இந்த வருசத்தோட நிறுத்திக்கலாமுங்க" என்று வெங்கடபதியிடம் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டான்.

வெங்கடபதி ரவிக்குமாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரவி, உங்களுக்குக் கூட்டம் சேத்தற ஆளுகளத் தெரியுமல்ல? எப்படியாச்சும் கேலரி நெறைஞ்சிருக்கோணும்."

"ஆச்சுங்க, நான் பாத்துக்கறனுங்க."

கட்சிக் கூட்டங்களுக்கு வேன் வைத்து ஆள் ஏற்றுகிற அழகிரிசாமியின் நம்பர் அவனிடம் இருந்தது. ஒரு நாள் கூலி, மத்தியானம் பிரியாணி, தலைக்கு ஒரு மஞ்சள் தொப்பி என்று பேச்சு முடிந்தது. ஊரில் யாரும் செய்யாததையா செய்துவிட்டோம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான் ரவிக்குமார்.

இந்த இடத்தில் பொன்னாத்தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் ரவிக்குமாரின் அக்கா. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தக்காளிக் காட்டிலும் வாழைத் தோட்டத்திலும் கூலிக்குப் போகிறவள். அப்பா படுத்த படுக்கையான பிறகு அவள் களைக்கொத்தை எடுத்ததால்தான் தம்பி ஐ.டி.ஐ. முடித்தான். வீட்டுக்கு வந்து முறையாக அழைக்காவிட்டால் சொந்த வீட்டு விசேஷமானாலும் படியேற மாட்டாள். அந்த விஷயத்தில் அவள் பெரிய ரோஷக்காரி. ரவிக்குமாரும் குறை வைத்ததில்லை. வீடு கட்டிக் குடி போனபோதும், மகளுக்குக் காது குத்தியபோதும் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் அழைத்தான். அவளும் வந்து முன்னால் நின்று நடத்திக்கொடுத்தாள்.

ரேஸுக்கு மட்டும் அழைத்ததே இல்லை. "நீ மைக்குல பேசறத ஒருக்கா கேக்கோணும் கண்ணு" என்று ஒரு தரம் அவளே வாய்விட்டுக் கேட்டாள். "அங்க ஒரே புழுதி அக்கா, உனக்கு ஆகாது" என்றான். விடிந்தால் பொழுதுபோனால் மண்ணில் கிடக்கிறவளிடம் சொன்ன சாக்கைப் பாருங்கள்! அவள் அதற்கும் தலையாட்டிவிட்டாள்.

உண்மையான காரணம் புழுதியில்லை. மேடையை ஒட்டிய சாமியானாவில் மில்காரர்களும் பட்டறை முதலாளிகளும் குடும்பத்தோடு உட்கார்வார்கள். அங்கெல்லாம் யார் எவர் என்று நேராகக் கேட்க மாட்டார்கள். "நமக்கு எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்பார்கள். முதல் வருடம் வெங்கடபதி அப்படிக் கேட்டபோது, "தொண்டாமுத்தூர்ப் பக்கந்தானுங்க, வாழை போட்டிருக்குது" என்று சொல்லிப்போட்டான் ரவிக்குமார். வாழை போட்டிருந்தது உண்மைதான். போட்டவர் வேறு ஒருவர், அதில் கூலி வேலை பார்த்தது இவன் குடும்பம். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் இத்தனை வருடமும் அக்காவை வீட்டோடு நிறுத்தி வைத்திருந்தான்.

ரேஸ் அன்று வேன்கள் வந்தன. கேலரி மஞ்சளாக நிறைந்தது. "அலைகடலெனத் திரண்டிருக்கும் ரசிகப் பெருமக்களே!" என்று ஆரம்பித்த ரவிக்குமாருக்கு மூன்றாவது வரிசையைப் பார்த்ததும் குரல் நின்றுவிட்டது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலைத்துண்டுக்கு மேல் தொப்பியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள் பொன்னாத்தாள். எங்கே போகிறோம் என்று அழகிரிசாமி யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, கை தானாக மேலே போனது. அப்புறம் சாமியானாவைப் பார்த்தாள். தூக்கிய கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மைக் தகராறு என்று சொல்லிச் சமாளித்துவிட்டு அவன் பேச்சைத் தொடர்ந்தான். முதல் ரேஸ் முடிவதற்குள் தேஜாவுக்கு வாயெல்லாம் பல்.

"லேடீஸே இவ்வளவு பேரா! வாங்க ரவியண்ணா, ஒருத்தர்கிட்டப் பேசலாம். வீடியோ எடுத்துக்கறோம்" என்று அவனை இழுத்துக்கொண்டு கேலரிக்குப் போனான். வெங்கடபதியும் கூட வந்தார். போன தேஜா வேறு எங்கும் நிற்கவில்லை. நேராகப் பொன்னாத்தாள் முன்னால் போய் நின்றான்.

"அம்மா, எத்தன வருசமா ரேஸ் பாக்க வர்றீங்க?"

ரவிக்குமார் மைக்கை நீட்டினான். அவள் வேனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் இன்றோடு ரேஸ் முடிந்தது. தம்பி என்று சொன்னால் அவன் தோட்டம் முடிந்தது.

"வருசா வருசம் வந்துபோடுவனுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

"அப்படியா! யாரு கூட்டிட்டு வருவாங்க?"

"எந்தம்பிக்கு இங்கதான் வேலைங்க. ஊட்டுக்கே வந்து, வெத்தல பாக்கு வெச்சு, ரேஸுக்கு வாக்கான்னு கூப்புட்டுப்போட்டுத்தான் போவான். கூப்புடாட்டி நான் எங்கயும் போறதில்லீங்க."

சுற்றிலும் சிரித்துக் கை தட்டினார்கள்.

"சூப்பர்! யாரும்மா உங்க தம்பி?"

நான்தான் என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி போதும். மைக்கும் அவன் கையில்தான் இருந்தது. பொன்னாத்தாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தடத்தைப் பார்த்தாள்.

"வேலையா இருப்பானுங்க. தொந்தரவு பண்ண வேண்டாமுங்க."

ரவிக்குமார் மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோனான். "அடுத்ததாக, நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த இரண்டாவது சுற்று!" என்றான். அந்தக் குரல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. எத்தனையோ ரேஸ்களில் எத்தனையோ பொய்களைக் கூசாமல் சொன்னவன். அக்கா சொன்ன அந்தப் பொய்யைக் கேட்டதும் கூனிக்குறுகிப் போய்விட்டான். அவன் செய்திருக்க வேண்டியதையெல்லாம் செய்ததாகச் சொல்லி, ஊர் முன்னால் அவனை உத்தமனாக்கிவிட்டாள். ஆனால் யார் அந்த உத்தமன் என்று மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் வேன்கள் கிளம்பும்வரை அவன் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் ஒளிந்து நின்றான். அவள் தேடியிருப்பாளா, தேடவில்லையா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. கேட்க முகமில்லை.

வெங்கடபதிக்குக் கால் தரையில் பாவவில்லை. தேஜா சரி என்று சொல்லிவிட்டான். அதுவும் ஒரு ரேஸுக்கு இல்லை, இனிமேல் வருடத்துக்கு இரண்டு, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. "அந்தம்மா பேச்சுலதான் பையன் விழுந்துட்டானுங்க ரவி. அடுத்த வாட்டியும் அந்தம்மா கண்டிப்பா வரோணும், பாத்துக்கங்க" என்று தோளில் தட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரவிக்குமார் வெற்றிலை பாக்கு, பழம், பூவெல்லாம் தட்டில் வைத்துத் தொண்டாமுத்தூர் பஸ் ஏறினான். அக்காவைச் சாமியானாவில் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும், "இது எங்க அக்காங்க, காட்டு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வெச்சவ" என்று மைக்கிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். இந்தத் தடவை வாய் அடைக்காது என்று தோன்றியது.

பொன்னாத்தாள் வேலை முடிந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "வா கண்ணு" என்று எப்போதும் போலத்தான் கூப்பிட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குழந்தைகளை விசாரித்தாள். போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவன் எழுந்து நின்று தட்டை நீட்டினான். "அக்கா, அடுத்த ரேஸுக்கு நீ வரோணும்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, குத்தலோ கோபமோ எதுவும் இல்லாத குரலில் கேட்டாள்:

"வாரேன் கண்ணு. எத்தன பேரு வேணும்னாங்க? பக்கத்து ஊட்டுக்காரிககிட்டயும் இப்பவே சொல்லிப்போடறேன்."

'உன்னை மட்டும்தான் அக்கா கூப்பிட வந்தேன்' என்று சொல்ல ரவிக்குமார் வாயெடுத்தான். வெங்கடபதியும் அவளைத்தான் கேட்டிருந்தார். அவர் சொன்னதையும் மனசில் வைத்துக்கொண்டு, இது தன் அழைப்பு மட்டும்தான் என்று அவனால் சொல்ல முடியவில்லை.