கூரை வழியே போன புகை

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் கன்னையாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தீபாவளிக்கு முந்தின மாதம் ஏணியும் வாளியுமாக வந்து, வீடு வீடாகச் சுண்ணாம்பு அடிக்கிறவர். ஒல்லி உடம்பு, நீள மூக்கு. அவர் வருகிறார் என்றால் கருவாட்டுச் சட்டியை ஒளித்து வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தம்புசாமி கேலி செய்வார். கூட்ஸ் வண்டியில் கார்டாகப் போகிற மனுஷர் வீட்டில் இருப்பதே வாரத்தில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் யாரையாவது கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த மூக்கு சும்மா வந்ததல்ல. கன்னையா கப்பலேறி வந்ததும் முதலில் இறங்கியது டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே பாலை உறைய வைத்து ஷீட்டாக்கி, ஒரு கொட்டகைக்குள் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவார்கள். புகை குறைந்தால் ஷீட்டில் பூஞ்சணம் பூத்துவிடும். மிஞ்சினால் கறுத்துப் போகும். உள்ளே போய் மோந்து பார்த்து, விறகைக் கூட்டு, குறை என்று சொல்வதுதான் அவர் வேலை. ஏழெட்டு வருஷம் அதைச் செய்துவிட்டு, ஒருநாள் ஒற்றை ஆளாக இங்கே வந்து சேர்ந்தார். பெண்டாட்டி இருக்கிறாளா என்று கேட்டால், "இருக்கா" என்பார். எங்கே என்று கேட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். நாலைந்து தடவையும் வாளிதான் நகர்ந்தது.

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். எட்டுக்கும் மேலே ஒரே நீளமான ஓட்டுக் கூரை, நடுவில் இரட்டைப் பலகைச் சுவர். நான் ஆறாம் நம்பர். ஏழாம் நம்பரில் கார்த்திகேசு, ரயில்வே ஆபீஸில் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆள். அவர் மனைவி பூமணி நேர் எதிர். கல்யாணமாகி வந்து இறங்கிய மறுநாளே பின்கட்டில் நின்று, "அக்கா, உங்கட வீட்டில கறிவேப்பிலை இருக்கோ?" என்று கேட்டவள். எனக்குப் பிள்ளை இல்லை. பூமணி வந்த பிறகு அந்தக் குறை எனக்குப் பாதியாகக் குறைந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷக் கடைசியில் வந்த பெருவெள்ளத்தில் எங்கள் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் சேற்றைக் கழுவித் தள்ளினோம். மேஸ்திரி அவசரப்படுத்தினான் என்று கன்னையா ஒரே வாரத்தில் எட்டு வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் பூமணிக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண். நாற்பத்திரண்டாம் நாள் இருமி இருமி, மூச்சு முட்டிப் போய்விட்டது. டாக்டருக்கு உதவியாக இருந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நெஞ்சுச் சளி என்றார். வரிசைப் பெண்கள் வீட்டுத் தோஷம் என்றார்கள். பூமணி தொட்டில் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

இருபத்தெட்டில் மறுபடி பிள்ளை பிறந்தது. இது பெண். யாழ்ப்பாணத்திலிருந்து பூமணியின் அம்மா வர முடியவில்லை. நான் இருக்கும்போது யார் வர வேண்டும்? முதல் பிரசவத்துக்குச் செய்தது போலவே எல்லாம் நானே செய்தேன். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை என் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். தாய்க்குக் குளிக்க, குடிக்க, பிள்ளையைக் கழுவ, துணி அலச எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான். அடுப்புக்கு மேலே கூரையில் புகை போக ஒரு திறப்பு உண்டு. அதிலிருந்து ஒட்டடை விழுந்து பானைத் தண்ணீரில் மிதக்கும். பச்சை உடம்புக்காரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் கரி விழலாமா? முதல் பிரசவத்தின்போதே மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அந்தத் திறப்பை அடைத்து ஆணி அடித்திருந்தேன். புகை மேலே ஏறி எங்கேயோ போயிற்று. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. எனக்கு அதில் ஒரே பெருமை.

இருபதாம் நாள் பிள்ளைக்கு இழுப்பு ஆரம்பித்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. காற்று கருப்பு பட்டிருக்கும் என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தினோம். காலையில் ஒருமுறை போட்ட சாம்பிராணியை மூன்று வேளையாக்கினோம். நான் இன்னும் இரண்டு பானை அதிகமாகக் கொதிக்க வைத்தேன். ஒருநாள் பூமணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இந்தப் பிள்ளையும் என்னை விட்டிட்டுப் போயிடுமோ?"

வாய்க்கு வாய் பேசுகிறவள் நான். அன்றைக்கு எழுந்து போய் அடுப்பில் இன்னும் ஒரு பானை வைத்தேன்.

மறுநாள்தான் கன்னையா ஏழாம் நம்பருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தார். பிள்ளை இருந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு இரண்டு தடவை விடைத்தது. பிறகு உள்ளே வந்து, சுவர்ப் பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. உளியைக் கொடுத்து ஒரு பலகையைப் பெயர்த்தார். இரண்டு பலகைக்கும் நடுவே வெள்ளத்துச் சேறு அப்படியே நின்றது. அதன் மேல் கம்பளி கனத்துக்குப் பூஞ்சணம், பச்சையும் கறுப்புமாக.

"மேல வெள்ளையா இருக்கும்மா. உள்ள இன்னும் வெள்ளம் வடியல" என்றார்.

அதோடு நிற்கவில்லை. தொட்டிலுக்கு மேலே கொசுவுக்காகக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து விரலால் தேய்த்து மோந்தார். விரலில் மெல்லிய கரி. சாம்பிராணிக் கரி என்றேன். அவர் மேல்தட்டுப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, நான் என்ன விறகு எரிக்கிறேன் என்று கேட்டார். ரப்பர் விறகுதான், உங்களுக்கு டீ வேண்டுமென்றால் நேராகவே கேட்கலாமே என்றேன்.

"புள்ளய இனிமே இந்த ரூம்ல வைக்காதீங்க. சாம்பிராணியும் வேணாம்."

கார்த்திகேசு தயங்கினார். முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது பிரசவத் தீட்டு, கழியாமல் பிள்ளை பெற்றவளை இன்னொரு வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று இழுத்தார். எனக்கு வந்ததே கோபம். உங்கள் துடக்கு என் வீட்டுக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், வெந்நீர் ஊற்றி வழியனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலைத் திறந்து தொட்டில் கட்டினோம். கன்னையா பின்னாலேயே வந்து, நாலு நாளைக்கு அடுப்பைக் கொல்லையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கூரைக்குள் ஏறி வேலை பார்க்க வேண்டுமாம், புகை கண்ணை எரிக்குமாம். மழைத் தூறலில் கொல்லையில் சமைக்கிற கஷ்டம் எனக்கல்லவா தெரியும்? முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

நாலு நாளும் அவர் வேலை செய்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு பலகையாகக் கழற்றி, சேற்றைச் சுரண்டி, சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவி, வெயிலில் சாய்த்து வைத்தார். பூஞ்சணம் அண்டாமல் இருக்க மயில்துத்தம் கலந்த சுண்ணாம்பை உள்பக்கமும் அடித்தார். மேல்தட்டில் படிந்திருந்த கரிக்கு மட்டும் தண்ணீரே தொடவில்லை. நேற்றைய ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார். பசி போலிருக்கிறது என்று சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தேன். சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்து உருட்டிப் பலகையில் ஒற்றி ஒற்றி எடுத்தார். கரி முழுதும் ரொட்டியில் வந்துவிட்டது. ஈரத்துணி பட்டால் கரி மரத்துக்குள் இறங்கிவிடுமாம். தின்கிற பண்டத்தால் கூரை துடைக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் நாளே பிள்ளையின் இழுப்பு குறைந்தது. மூன்றாம் நாள் பால் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் தூங்கியது. பூமணி அதன் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

அன்று கன்னையா சாப்பிடப் போன நேரத்தில், ஏழாம் நம்பருக்குள் சாய்த்திருந்த ஏணியில் நான் ஏறினேன். சேலையைச் சொருகிக்கொண்டுதான். வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க வேண்டாமா? கழற்றிய மேல்தட்டு வழியாகத் தலையை நீட்டினேன். கூரைக்கு அடியில் எட்டு வீட்டுக்கும் தடுப்பே கிடையாது. ஓடுகளின் அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று ஒரு தடம் ஓடியது. பூமணியின் தொட்டில் தொங்கிய இடத்துக்கு நேர்மேலே கனமாகப் படிந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். என் அடுப்படிக்கு வந்து நின்றது. என் தகரம் கழற்றப்பட்டு, திறப்பு வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது.

இறங்கி ஏணியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் பிள்ளைக்கும் அதே அடுப்பு, அதே தகரம், அதே வெந்நீர். நான் ஆசை ஆசையாக மூட்டிய நெருப்பு.

அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த கார்த்திகேசு எங்கள் வாசலில் கன்னையாவைப் பிடித்துக்கொண்டார். அந்த அமைதியான மனுஷருக்குக் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். ஈரப் பலகை மேல் சுண்ணாம்பு அடித்து மூடியதால்தான் தன் முதல் பிள்ளை போயிற்றா என்று கேட்டார். ஆமாம், என் தப்புதான் என்றார் கன்னையா. புகையைப் பற்றி மூச்சு விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரெல்லாம் பேசுகிற வாய் அப்போது ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் வாளியைக் கழுவுகிற இடத்துக்குப் பின்னாலேயே போனேன். கூரையைப் பார்த்துவிட்டேன், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ரொம்ப நேரம் வாளியையே கழுவினார்.

"தோட்டத்துல எனக்கு ஒரு புள்ள இருந்துச்சும்மா. மழைக் காலம், கூலியாளுங்க இருக்கிற லயத்து வீட்டுல குளிரு. புள்ள நடுங்குதேன்னு புகைக் கொட்டகை ஓரமா தொட்டில் கட்டுனேன். கதகதன்னு இருக்குமேன்னு. இருபது நாளுதான். உன்னாலதான் போச்சுன்னு எம் பொண்டாட்டி நல்லம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னா. அப்புறம் ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருக்க முடியல."

வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க பக்கத்து பக்கத்து வீடும்மா. அதான். எனக்கு ஏச்சு பழக்கம்."

நாலு நாள் அதைச் சுமந்தேன். துடக்கு கழிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பூமணி தன் வீட்டுக்குத் திரும்புகிற நாள். கார்த்திகேசும் அங்கேதான் இருந்தார். இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. தகரம், விறகு, கூரைத் தடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னையா மொத்தப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். முதல் பிள்ளைக்கும் அதே அடுப்புதான் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பூமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சுடுதண்ணி இல்லாட்டி நான் எழும்பியிருக்க மாட்டன், அக்கா" என்றாள். "நானுந்தானே ஜன்னலைப் பூட்டினன்."

பிள்ளையை என் மடியில் போட்டாள். இரண்டு பேரும் முதல் பிள்ளைக்காக அன்றுதான் சேர்ந்து அழுதோம். ஒரு வருஷமாகத் தனித்தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறோம். கார்த்திகேசு சட்டையை மாட்டிக்கொண்டு கன்னையாவைத் தேடிப் போனார். போய் என்ன பேசினாரோ, திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

கன்னையா மறுநாள் என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"சொல்லிட்டீங்களாம்மா?"

சொல்லிவிட்டேன் என்றேன்.

"அவங்க போகலையா?"

எங்கே போவாள், உள்ளேதான் இருக்கிறாள், என் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருக்கிறாள் என்றேன். எட்டிப் பார்த்தார். பூமணி கீரையோடு உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அதையே கேட்டார், போகலையா என்று. பிறகு தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு வருஷம் ஒரு வார்த்தைக்குப் பயந்து ஒளிந்திருந்த மனுஷர். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டெங்கிலுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். நல்லம்மாள் இன்னும் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாளாம், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நம்புங்கள், இதை மட்டும் நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு மூட்டையும் நல்லம்மாளுமாக வந்து நின்றார். கறுத்து மெலிந்த பெண், நெற்றியில் நரை. காப்பி கொடுத்தேன், தொடவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பூமணி பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். நல்லம்மாள் குனிந்து அதன் உச்சியை மோந்தாள். மறுபடி மோந்தாள். பிறகு நிமிர்ந்து, வாசலுக்கு வெளியே நின்ற கன்னையாவைப் பார்த்துச் சொன்னாள்.

"புகை வாடையே இல்லங்க. பால் வாசம்தான் அடிக்குது. நீங்களும் வந்து பாருங்க."