மன்றாட்டு எழுதுகிறவன்

பங்குச்சாமியாருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார் வேலையில் மணி அடிப்பதும், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பதும் சுலபம். ஞாயிற்றுக்கிழமைக்கு மன்றாட்டு எழுதுவதுதான் ஆளைத் தின்னும்.

பூசையில் பிரசங்கம் முடிந்ததும் திருச்சபைக்காக, நாட்டுக்காக, கஷ்டப்படுகிறவர்களுக்காக என்று நாலைந்து வேண்டுதல்கள் வாசிப்போம். ஒவ்வொன்றுக்கும் சபை “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்லும். கடற்கரையோரத்தில் உள்ள எங்கள் சின்னப் பங்குக் கோயிலில் அதை எழுதுவது பத்தொன்பது வருஷமாக என் பொறுப்பு. இதே வேலையில் கிடக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இருக்காது.

பெயர் வேண்டும்

ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு விசைப்படகை இலங்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்த வாரம் அது. “சிறைப்பட்ட மீனவர்களுக்காக” என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கலைச்செல்வி என்ற பெண் வந்தார். இந்துக் குடும்பம். அந்தப் படகில் போனவர்களில் அவர் வீட்டுக்காரர் முருகேசனும் ஒருவர். அவர் பெயரைச் சொல்லி வேண்டச் சொன்னார். எல்லாருக்கும் பொதுவாகத்தான் வாசிப்பது வழக்கம் என்றேன். “மீனவருன்னா ஆயிரம் பேரு இருக்காங்கய்யா. எனக்கு இவரு ஒருத்தருதான்” என்றார். முருகேசன் என்று எழுதிக்கொண்டேன். ஐந்து ஞாயிறு அந்தப் பெயரை வாசித்தோம். ஐந்து ஞாயிறும் அவர் கடைசி வரிசையில் நின்று, சபையோடு சேர்ந்து பதில் சொன்னார்.

ஆறாவது வாரம் விடுதலை ஆகி முருகேசன் வந்துவிட்டார். படகு வரவில்லை. நானும் சந்தோஷமாக நன்றி மன்றாட்டு எழுத உட்கார்ந்தேன். கலைச்செல்வி வந்து வாசலிலேயே நின்று சொன்னார்: “பேரை எடுத்துறாதீங்கய்யா. ஆளு வந்துட்டாரு. பேச்சு இன்னும் வரலை.”

மழை

ஒரு வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. நாற்று விட்டவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நல்ல மழை பெய்ய” என்று எழுதிவிட்டு, கோயில் வாசலில் மீன் விற்கும் ராயம்மாளிடம் சும்மா வாசித்துக் காட்டினேன். முன்னொரு வருஷம் அடித்த புயலில் ஓடு, தென்னை, ஆடு எல்லாவற்றையும் இழந்த மனுஷி அவர்.  “மழைன்னு மட்டும் எழுதுங்க. காத்தைப் பத்தி ஆண்டவருகிட்ட பேச்சே எடுக்காதீங்க.”

ஒரு நிமிஷம்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம்தான். மகளின் பிரசவத்துக்காக வியாழக்கிழமை திருச்சிக்குக் கிளம்பினேன். கிளம்பும் முன்னாலேயே மன்றாட்டை எழுதி மேசையில் வைத்துவிட்டேன். அதில், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்த சூசைராஜ் சுகம் பெற வேண்டும் என்று ஒரு வரி. ஞாயிறு காலை பஸ்ஸை விட்டு இறங்கியவன், நேரே கோயிலுக்குள் போய், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மைக் முன்னால் நின்று வாசித்தேன்.  சூசைராஜ் என்றதும் பதில் சொல்ல ஒரு குரல்கூட எழவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், தெளிவாக, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. அவர் மனைவி சகாயமேரி. சூசைராஜ் வெள்ளிக்கிழமையே இறந்து, சனிக்கிழமை அடக்கமும் முடிந்திருந்தது.

பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்க அந்த அம்மா முன்னால் போய் நின்றேன்.  அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். “விடுங்க உபதேசியாரே. நீங்க வாசிச்சப்ப அவுக இன்னும் கட்டில்லதான் படுத்திருக்காகன்னு ஒரு நிமிஷம் இருந்துச்சு. இன்னொரு நிமிஷம் கெடைக்குமான்னுதான் பதில் சொன்னேன்.”

லாரி டிரைவருக்காக

ஆரோக்கியசாமி ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவர் மகள், ஸ்கூட்டியில் போகும்போது லாரி மோதி இறந்துபோனாள். டிரைவர் ஓடிப்போகவில்லை. அவரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் ஆரோக்கியசாமி ஒரு சீட்டுக் கொடுத்தார். மகள் பெயர் இருக்கும் என்று பிரித்தேன். அந்த டிரைவரின் பெயர் இருந்தது.

 நானும் உருகிப்போய், “தம் மகளின் சாவுக்குக் காரணமானவரை மனதார மன்னித்த தந்தையோடு சேர்ந்து” என்று அழகாக எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, என் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். “மன்னிச்சேன்னு போடாதீங்க, பொய்யாயிரும். நீங்கள்லாம் அவருக்காக வேண்டிக்கங்க. எனக்கு இன்னும் வாய் வரலை.”

என் முறை

போன வருஷம் என் மனைவி லில்லிக்குப் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஊராருக்கெல்லாம் எழுதின கை அவள் பெயருக்கு வரும்போது நின்றுவிட்டது. மூன்று வாரம் “நோயுற்ற அனைவருக்காகவும்” என்று எழுதி ஒப்பேற்றினேன். நாலாவது ஞாயிறு, இப்போது மன்றாட்டு வாசிக்கிற ஸ்டெல்லா, ஊராட்சி ஆபீஸில் வேலை பார்க்கிறவர், நான் எழுதிய தாளை வாசித்து முடித்துவிட்டு மைக்கை விட்டு நகரவில்லை. “நம் உபதேசியாரின் துணைவியார் லில்லிக்காக” என்றார். சபை சொன்ன பதில் எனக்குக் கேட்டது. நான் சேர்ந்து சொல்லவில்லை. 

அதற்குப் பிறகு லில்லி ஏழு வாரம் இருந்தாள். ஏழு வாரமும் ஸ்டெல்லாதான் அந்த வரியை எழுதிக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், என்னிடம் கேட்காமல் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் கோயில் பூச்சாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எல்லாருக்கும் நீங்க எழுதுறீங்க சார். ஒங்களுக்கு யாரு எழுதுவா?”

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, எவ்வளவு சுருக்கி எழுதினாலும் மன்றாட்டு பங்குச்சாமியாருக்கு நீளமாகத்தான் இருக்கும், கீழே உட்கார்ந்திருப்பவருக்குப் போதவே போதாது என்பதுதான்.