வீணைக்கு வேர்த்த அன்று

போன ஞாயிறு மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் கல்யாண ரிசப்ஷன். ஏசி ஹால்தான். ஆனால் கடல் தெரிய வேண்டுமாம் — பக்கவாட்டுக் கதவு நான்கும் 'ஆ'வென்று திறந்து கிடந்தன! மேடையில் மிருதங்கக்காரர், பாவம், பாட்டுக்குப் பாட்டு கல்லை எடுத்துத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த என் கணவர் சொன்னார்: "ஜலீல் பாய் இங்க இருந்தா மாப்பிள்ளையையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்."

சாத்தியிருப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் ஒரு கடலோர டவுன்ஷிப்பில் இருந்தோம். என் கணவர் விஞ்ஞானி, நான் லைப்ரரியில். அங்கே ஆடிட்டோரியத்துக்குப் புதிதாக ஏசி போட்டபோது ஆபரேட்டராக வந்தவர்தான் ஜலீல் பாய். கடப்பாக்கத்துக்காரர். ஒல்லியாக, எப்போதும் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு இருப்பார்.

ஏசி என்றால் எனக்குக் குளிர். உங்களுக்கும் அப்படித்தானே? பாய்க்கு அப்படி இல்லை.

"குளுரு இன்னாம்மா குளுரு... சுவிட்ச போட்டா வந்துடும். ஈரத்த வெளிய தள்றதுலதான் வேலையே கீது" என்பார்.

அதற்காக என்னென்ன செய்வார் தெரியுமா? சாயங்காலக் கச்சேரிக்குக் காலையிலேயே மெஷினை ஓட விடுவார். மழை நாளில் குடையோடு யாரும் உள்ளே போக முடியாது. எவ்வளவு பெரிய இன்ஜினீயராக இருந்தாலும் வாசலில் இருக்கும் டிரம்மில் குடையைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே — அப்பளம்! கேன்டீனிலிருந்து பொரித்த அப்பளம் நான்கு வாங்கி வருவார். மேடையில் ஒன்று, வாசலில் ஒன்று, பால்கனியில் ஒன்று, நடு ஹாலில் ஒன்று. அரை மணிக்கு ஒரு தடவை போய் ஒடித்துப் பார்ப்பார். நொறுங்கினால் ஹால் சரியாக இருக்கிறது. வளைந்தால் எங்கேயோ ஈரம் புகுந்துவிட்டது.

"அதான் சுவர்ல மீட்டர் இருக்கே, பாய்?" என்று என் கணவர் சிரித்தார்.

"அது சொவத்தாண்ட கீற ஈரத்த சொல்லும் சார். மேடைல இன்னா நடக்குதுன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

சிரித்த அதே மனிதர் மறுவாரம் ஹாலுக்கு இன்னும் மூன்று மீட்டர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மேடையில்தான் என் முதல் வீணைக் கச்சேரி. நாற்பத்திரண்டு வயதில்! கல்யாணம், குழந்தைகள், வேலை என்று வருஷக்கணக்கில் உறையிலேயே கிடந்த வீணை அது. அன்றைக்குச் சொதப்பினால் மறுபடி அதைத் தொடவே மாட்டேன் என்று எனக்கே தெரியும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"வீணைய காலைலயே கொணாந்து வெச்சிடும்மா. அது ஹாலுக்குப் பழகட்டும்" என்றார் பாய். வைத்தேன். வீணை பழகியது. நான்தான் பழகவில்லை.

சாயங்காலம் நல்ல மழை. ஆறு மணிக்கு மேடையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஆரம்பிக்கக் கூடாது. ஏன்? சீஃப் கெஸ்ட் வரவில்லை! அவரை வரவேற்க, மாலையும் சந்தனக் கிண்ணமுமாக, கச்சேரி நடத்தும் மன்றத்தின் தலைவரும் இருபது பேரும் வாசலில். இரண்டு கதவும் அகலத் திறந்தபடி. மழைக்காற்று நேராக மேடைக்கு வந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்க்குமே, அது போல வீணைத் தந்தி வேர்த்தது. விரலை வைத்தால் வழுக்கல். மிருதங்கம் 'தொப்' என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாய் வந்து மேடை அப்பளத்தை எடுத்தார். வளைந்தது. விறுவிறுவென்று வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சீஃப் கெஸ்ட் வர்ற நேரத்துல கதவைச் சாத்துவியா?" தலைவர் கத்தியது மேடை வரை கேட்டது.

"வெளிய நின்னு மாலை போடுங்க சார், யாரு வேணான்னா? அவரு கச்சேரி கேக்கத்தானே வந்துகினு கீறாரு? கச்சேரின்னு ஒண்ணு இருக்கணும்ல!"

கால் மணி நேரம் கழித்து, புது அப்பளம் ஒன்றோடு என் பக்கத்தில் வந்து நின்று ஒடித்தார். சடக்!

"ஆரம்பிம்மா. நான் பாத்துக்கறேன்."

ஆரம்பித்தேன். வர்ணம் பாதியில் இருக்கும்போது, ஒற்றைக் கதவு ஓரடி திறந்தது. ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாரோ லேட்டாக வந்தவர் என்று நினைத்தேன். அவர்தான் சீஃப் கெஸ்ட்! மாலையில் தண்ணீர் சொட்டுகிறது என்று பாய் அதையும் வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டாராம். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாராம். பெரிய மனிதர்தான்.

கடைசி வரை ஒரு தந்திகூடச் சுருதி இறங்கவில்லை. கைதட்டல், பொன்னாடை, போட்டோ... ஏசிக்காரரை மட்டும் யாரும் நினைக்கவில்லை. ரொம்பக் குளிர்ந்தாலோ, வேர்த்தாலோதானே நமக்கு அவர் ஞாபகம் வரும்?

பொன்னாடையோடு பின்பக்கம் மெஷின் ரூமுக்கு ஓடினேன். உள்ளே 'கடகட'வென்று இரைச்சல், பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை கச்சேரிகளைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர் ஒன்றையாவது முழுசாகக் கேட்டிருப்பாரா?

கத்திக் கேட்டேன்: "பாய், கச்சேரி எப்படி இருந்துச்சு?"

பழந்துணியில் கையைத் துடைத்தபடி அவரும் கத்தினார்.

"சுருதி எறங்குச்சாம்மா?"

"இல்லை, பாய்!"

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்!"