ஐயாவுக்குச் சாப்பாடு தீத்தினது யார்?

1. பால் தேத்தண்ணி

சிவபாதம் ஐயாவுக்குப் புரையேறியபோது நான் அவருடைய முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். பால் தேத்தண்ணி குடித்தது ஓரிரு மிடறுதான். இருமக்கூட அவரால் முடியவில்லை. முகம் கறுத்தது, கண் மேலே சொருகியது. "சக்ஷன் மெஷினைக் கொண்டுவாங்கோ, ஓடுங்கோ!" என்று மேட்ரன் கத்தினார். குழாயை விட்டுத் தொண்டையிலிருந்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் மூச்சு திரும்பியது.

என் பிள்ளைகளே, நான் செய்த வேலையை நீங்கள் வெளியில் 'ஆம்புலன்ஸ் டிரைவர்' என்று சொல்வீர்கள். நான் ஓட்டியது வெள்ளவத்தையில் முதியோரைப் பராமரிக்கும் ஒரு நர்சிங் ஹோமின் வேன். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும் முதியவர்களை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, காலி வீதி நெரிசலில் குலுக்காமல் கொண்டுவந்து, கட்டிலில் கிடத்துவது வரை என் பொறுப்பு. ஆளைக் கீழே போடாமல் சேர்த்துவிட்டால் வேலை சரி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஐயா தபால் கந்தோரில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் கனடாவில். பக்கவாதம் வந்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் பல வாரம் கிடந்தார். சாப்பாட்டுக்காக மூக்கில் போட்டிருந்த டியூபைக் கழற்றியதும் டிஸ்சார்ஜ் என்றார்கள். கட்டிலுக்கு வேறு நோயாளி காத்திருந்ததால் வார்டு ஊழியர் 'இக்மனட்ட, இக்மனட்ட' என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். தந்த கார்டில் வியாதியின் பெயரும் விழுங்க வேண்டிய குளிசைகளின் பெயர்களும் மட்டும் இருந்தன. டியூப் இல்லை, ஆகவே வாயால் சாப்பிடுவார் என்று எடுத்துக்கொண்டோம்.

தேத்தண்ணியும் கவனக்குறைவால் வந்ததல்ல. மகள் காலையிலேயே ஃபோனில் மேட்ரனிடம் சொல்லியிருந்தார்: "அப்பாவுக்குப் பால் தேத்தண்ணி எண்டா உயிர், அன்ரி. வந்த உடனே ஒரு கப் குடுங்கோ. சீனி கூடப் போடுங்கோ." அதற்காகவே மேட்ரன் தன் கையால் ஊற்றி வைத்திருந்தார்.

நடந்ததை அன்றைக்கே மேட்ரன் மகளுக்கு ஃபோனில் சொன்னார், மறைக்கவில்லை. ஸ்பீக்கரில் அந்தப் பிள்ளை அழுதது. "நான்தானே குடுக்கச் சொன்னனான்... நான் வந்து நிக்கேக்க எல்லாம் அதைத்தானே விரும்பிக் குடிக்கிறவர்."

"அழாதேங்கோ பிள்ளை. நீங்க சொன்னது உங்களுக்குத் தெரிஞ்ச அப்பாவை. எங்களிட்ட வந்திருக்கிறவரை உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

2. பூட்டிய வாய்

அதற்குப் பிறகு ஐயா வாயைத் திறக்கவில்லை. கஞ்சி கொண்டுபோனாலும் பாண் ஊறவைத்துக் கொண்டுபோனாலும் பல்லை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பயம். பேச்சு வராத மனிதருக்கு வேண்டாம் என்று சொல்ல அந்த ஒரு வழிதான் இருந்தது.

டொக்டர் வந்து பார்த்தார். நாளைக்குள் சாப்பிடாவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப டியூப் என்றார். இந்த உடம்புக்கு இன்னொரு பயணமா என்று மேட்ரன் என்னைப் பார்த்தார்.

"டியூப் கழட்டினாப் பிறகு வார்டில ஆரோ இவருக்குச் சாப்பாடு தீத்தியிருக்கோணும். சும்மா விட்டிருக்க மாட்டினம். ஆர் எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ, அண்ணை."

3. மோதரை அக்கா

பகல் பார்வை நேரத்துக்கு அந்த வார்டுக்குப் போனேன். ஐயா கிடந்த கட்டிலில் வேறு ஒருவர். பக்கத்துக் கட்டிலில், சீனி வியாதியால் கால் புண்ணான ஒருவருக்கு மனைவி சோறு குழைத்துக்கொண்டிருந்தார். பெயர் பிலோமினா. பேலியகொடையில் மீன் எடுத்து மோதரையில் விற்றுவிட்டு, புருஷனைப் பார்க்க வருகிறவர். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே ஐயாவைத் தூக்கிட்டுப் போன ஆளு? நான் கஞ்சியோட வந்து நிக்கிறேன், கட்டில்ல வேற மனுசன்! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னவாம்?"

நமது வார்டுகளில் இது வழக்கம். ஆளில்லாத நோயாளிக்குப் பக்கத்துக் கட்டிலின் ஆட்கள் கரண்டியால் ஊட்டித் தீத்துவார்கள். யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் வந்தபோதும், ஐயாவை எப்படி விழுங்க வைப்பது என்று பக்கத்தில் நின்ற பிலோமினா அக்காவுக்குத்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

தேத்தண்ணிக் கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்துவிட்டார். "ஐயோ, மாதாவே! தண்ணி மாதிரி ஒண்ணும் ஆகாது அவருக்கு. எங்கே, அந்த அம்மாவைக் கூப்பிடுங்க. வீடியோ போடுங்க."

மேட்ரனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவர் ஃபோனை ஐயாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ன ஐயா, வாயைப் பூட்டிட்டீங்களாம்? மீன்காரி கை இனிச்சுது, மேட்ரன் கை கசக்குதோ?"

ஐயாவின் முகம் திரையில் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புத்தான்.

"சிரிக்கிறதெல்லாம் பிறகு. அம்மா, நல்லா நிமித்தி வைங்க. கஞ்சி கரண்டியிலே நிக்கணும், ஓடக்கூடாது. அரைக் கரண்டி போதும். தலையைக் குனிஞ்சு நாடியைக் கீழே வச்சு முழுங்கச் சொல்லுங்க. இடது கன்னத்திலே தேங்கும், பார்த்து எடுங்க. ஆ... திறங்க ஐயா. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

திறந்தார். விழுங்கினார். அக்கா "இன்னொருக்கா முழுங்குங்க" என்றார், இன்னொரு முறை விழுங்கினார். இங்கே புருஷன், "எனக்குச் சோறு ஆறுது" என்று முணுமுணுத்தார். "நீ பல்லுள்ள ஆளு, நீயே தின்னு" என்றார் அக்கா.

ஐயா திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரவில்லை. அடுத்த சில நாளும் அதே நேரத்துக்கு அக்கா கோல் எடுத்தார். புருஷனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அது நின்றுபோனது, அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே. சாப்பாட்டு நேரத்தில் ஐயா கரண்டியைப் பார்க்காமல் ஃபோனைத் தேடுவார் என்று மேட்ரன் சொல்வார். மேட்ரன் கையால் சாப்பிடப் பழக அவருக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

அதற்குப் பிறகு, ஸ்ட்ரெச்சரை விரிக்குமுன் நான் வார்டில் நின்று கேட்பேன்: "இவருக்குச் சாப்பாடு தீத்தினது யார்?" அந்த ஆளை அங்கேயே வைத்து மேட்ரனோடு கதைக்க வைப்பேன். சில நாள் நர்ஸ், சில நாள் வார்டைக் கூட்டுகிற அம்மா. யாருமே இல்லை என்றால், விழுங்குவதைச் சோதித்துப் பார்க்கும் வரை மேட்ரன் ஒரு சொட்டும் கொடுக்க மாட்டார்.

4. உங்களுக்கு

இப்போது என் முறை. கொட்டாஞ்சேனை வீட்டில் உங்கள் அம்மா காலமான பிறகு நான் தனியே என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாததை எழுதுகிறேன். இடது காது கேட்பதில்லை, வலது பக்கம் நின்று கதைக்க வேண்டும். மேல் வரிசைப் பல் கட்டியது, படுக்க வைக்குமுன் கழற்ற வேண்டும். கட்டின பல்லுக்கு முள் தெரியாததால் மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். நேராகப் படுத்தால் மூச்சு முட்டும், இரண்டு தலையணை வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் கீழ்வீட்டு ரஞ்சனி. பருப்புக் கறி வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புவா. ஒரு நாள் நீங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஃபோனில் எனக்கு ஒரு நர்சிங் ஹோமில் இடம் ஒழுங்கு செய்ய வேண்டி வரும். முதலில் ரஞ்சனியை அங்குள்ளவர்களோடு கதைக்க விடுங்கள். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்பதை அதற்குப் பிறகு நீங்கள் சொல்லுங்கள். அதையும் யாராவது அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.