திமில் இல்லாத கன்று

எழுபதுகளின் கடைசியில் இலத்தூருக்குச் சினை ஊசி வந்தது. காளையைத் தேடி அலைய வேண்டாம். பசுவை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனால் போதும். அந்த ஊசியில் பிறந்த எங்கள் ஜெர்சிக் கலப்புப் பசு, முதல் ஈற்றிலேயே காளைக்கன்று போட்டது.

அப்பா கன்றின் முதுகைத் தடவிப் பார்த்தார். "திமிலே இல்லயே. நுகத்தடி எதுல நிக்கும்லே?" என்றார் என்னிடம்.

நாட்டுப்பசு என்றால், கன்று முட்டாமல் பால் சுரக்காது. அதற்காகவாவது கன்றை உயிரோடு வைத்திருப்போம். வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதற்கு அந்தத் தேவையும் இல்லை. கன்றைக் கேரளாவுக்கு அடிமாடாக லாரியில் ஏற்றிவிட்ட காலையிலும் சொட்டுக் குறையாமல் கறந்தது.

"கன்னு இல்லாமலே சுரக்குது பாரு, தங்கமான மாடு," என்று அம்மா அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டாள்.

மாடு லாரி போன திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. பால் மட்டும் நிற்கவில்லை.